தடவுகிற மருந்துக்கும் அளவு உண்டு

காதுகுத்து இப்போது கோயில் மண்டபத்தில் மட்டும் நடப்பதில்லை. தாய்மாமன் மடி, மொட்டைத் தலை, சந்தனம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் ஆசாரி உட்கார்ந்த இடத்தில் பல குடும்பங்கள் இன்று கிளினிக்கையோ அழகு நிலையத்தையோ தேடுகின்றன. பிள்ளை வலியில் துடிக்கக் கூடாது என்ற தவிப்புதான் காரணம். அந்தத் தவிப்போடு ஒரு சின்ன ட்யூபும் வீட்டுக்குள் வந்துவிட்டது: தோலை மரத்துப்போக வைக்கும் க்ரீம்.

காது குத்துவதற்கு மட்டுமா? தடுப்பூசிக்கு முன், ரத்தம் எடுப்பதற்கு முன், சுன்னத்துக்கு முன், மருவை அகற்றுவதற்கு முன் என்று பல இடங்களில் அது பயன்படுகிறது. பல் முளைக்கும் குழந்தையின் ஈறில் தடவ அதன் சகோதர மருந்து ஒன்று ஜெல் வடிவில் இருக்கிறது. வீட்டுக்கு வீடு இதற்குச் சொல்லப்படும் சமாதானம் ஒன்றுதான்: "மேலதானே தடவுறோம், உள்ளுக்கா குடுக்குறோம்?"

தோலில் தடவுவது உள்ளுக்கும் போகிறது. அதனால்தான் இந்த க்ரீமுக்குக் கிராம் கணக்கில் எல்லை வகுத்திருக்கிறார்கள். மூன்று மாதம் நிறையாத குழந்தைக்கு, அல்லது ஐந்து கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கு, மொத்தமாகவே 1 கிராம்தான் தடவலாம். கடையில் கிடைக்கும் சின்ன ட்யூபே 5 கிராம். பெரியது 30 கிராம்.

இந்த க்ரீமில் பெரும்பாலும் இரண்டு மருந்துகள் இருக்கும். ஒன்று லிக்னோகெய்ன், வெளிநாட்டு லேபிள்களில் லிடோகெய்ன் என்று இருக்கும், இரண்டும் ஒன்றே. 1940-களில் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென் உருவாக்கிய மருந்து அது. இன்னொன்று பிரைலோகெய்ன், அதே மருந்துக் குடும்பம். இரண்டும் தனித்தனியாக இருக்கும்போது திடப்பொருள்கள். லிக்னோகெய்ன் உருக சுமார் 68 டிகிரி செல்சியஸ் வேண்டும், பிரைலோகெய்னுக்கு 37 டிகிரி. இரண்டையும் சரிபாதியாகக் கலந்தால் 18 டிகிரியிலேயே உருகி எண்ணெய் ஆகிவிடுகிறது. 1980-களில் ஸ்வீடனின் அஸ்ட்ரா நிறுவனம் இந்தக் குணத்தைப் பயன்படுத்தித்தான் எம்லா க்ரீமைக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றும் 2.5 சதவீதம். 1992 இறுதியில் அமெரிக்காவும் அனுமதித்தது. இன்று இந்தியாவிலேயே இதே கலவை வேறு பெயர்களில் தயாராகிறது.

முழுத்தோல் சாதாரணமாக எதையும் எளிதில் உள்ளே விடாது. இந்த எண்ணெய்த் துளிகள் அந்தக் காவலைத் தாண்டிவிடுகின்றன. க்ரீமைத் தடவி, காற்றுப் புகாத பிளாஸ்டிக் ஒட்டுத்தாளால் மூடி ஒரு மணி நேரம் விட்டால் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம் வரை மரத்துப்போகும். இரண்டு மணி நேரத்தில் 5 மில்லிமீட்டர். அந்த ஆழத்தில் ரத்தக்குழாய்களும் இருக்கின்றன. உள்ளே போகவே வடிவமைத்த மருந்தை வெளிப்பூச்சு என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

நீலமாகும் குழந்தை

ரத்தத்தின் ஹீமோகுளோபினில் இரும்பு இருக்கிறது. அந்த இரும்பு ஒரு குறிப்பிட்ட நிலையில் இருந்தால்தான் நுரையீரலில் ஆக்சிஜனைப் பிடித்து உடலெங்கும் கொண்டுபோய் விடும். பிரைலோகெய்ன் உடலில் உடையும்போது ஆர்த்தோ-டொலுயிடின் என்ற பொருள் பிறக்கிறது. அது அந்த இரும்பின் நிலையை மாற்றிவிடும். மாறிய ஹீமோகுளோபினுக்குப் பெயர் மெத்தெமோகுளோபின். அதனால் ஆக்சிஜனைப் பிடிக்க முடியாது. அது மட்டுமல்லாமல், பக்கத்தில் நன்றாக இருக்கும் ஹீமோகுளோபினும் தான் பிடித்த ஆக்சிஜனை எளிதில் விட்டுக்கொடுக்காது. மூச்சு ஓடிக்கொண்டிருக்கும், காற்றும் உள்ளே போகும், ஆனால் உடம்பு மூச்சுத்திணறும்.

எல்லோருடைய ரத்தத்திலும் இந்த மாற்றம் கொஞ்சம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. அதைத் திருப்பிச் சரிசெய்யும் ஒரு நொதி நம்மிடம் இருக்கிறது. பிறந்த குழந்தையிடம் அந்த நொதியின் வேகம் பெரியவர்களைவிட மிகக் குறைவு. வயிற்றில் இருந்தபோது உருவான ஹீமோகுளோபின் இன்னும் மீதமிருக்கும். அது எளிதில் மாறும். கல்லீரலும் மருந்தை உடைத்து வெளியேற்ற இன்னும் பழகவில்லை. எடைக்கு ஒப்பிட்டால் குழந்தையின் தோல்பரப்பு பெரியவரைவிட இரண்டு மூன்று மடங்கு. குறைமாதத்தில் பிறந்த பிள்ளையின் தோலோ முழுமையாக முதிர்ந்திருக்காது. எனவேதான் 37 வாரம் நிறையாமல் பிறந்த சிசுவுக்கு இந்த க்ரீம் கூடாது என்று மருந்துக் கையேடே சொல்கிறது.

கைக்குழந்தைகளின் இந்தப் பலவீனத்தை மருத்துவ உலகம் முதலில் கண்டது வேறொரு வழியில். 1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹன்ட்டர் காம்லி என்ற மருத்துவர், பண்ணைக் கிணற்று நீரில் கரைத்த பாலைக் குடித்த பச்சிளங்குழந்தைகள் நீலம் பாரித்ததைப் பதிவு செய்தார். தண்ணீரில் இருந்த நைட்ரேட்டுதான் காரணம். அதே கிணற்று நீரைக் குடித்த பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் எல்லோருக்கும் ஒத்துக்கொண்ட ஒன்று மூன்று மாதக் குழந்தைக்கும் ஒத்துக்கொள்ளும் என்று நம்புவது எத்தனை தவறு என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

மெத்தெமோகுளோபின் பத்து, பதினைந்து சதவீதத்தைத் தாண்டினால் உதடும் நகமும் நீலமோ சாம்பலோ ஆகும். நம் குழந்தைகளின் மாநிறத் தோலில் இது சட்டென்று தெரியாது. உதட்டின் உள்புறம், நாக்கு, நகக்கண் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இன்னும் ஏறினால் குழந்தை சோர்ந்துபோகும், பால் குடிக்காது, மூச்சு வாங்கும், இதயம் படபடக்கும். ஐம்பதைத் தாண்டினால் வலிப்பு, நினைவிழப்பு. எழுபதைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து.

இந்தக் கோளாறு மருத்துவமனையில்கூட ஏமாற்றும். ஆக்சிஜன் வைத்தாலும் நீலம் மாறாது. கொரோனா காலத்தில் நாமெல்லாம் பழகிய விரல்நுனிக் கருவி எவ்வளவு ஆக்சிஜன் கொடுத்தாலும் 85-ஐ ஒட்டியே நிற்கும். நிலைமை மோசமானாலும் அதே எண்தான் காட்டும். எடுத்த ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருக்கும், காற்றுப் பட்டாலும் சிவக்காது. கோ-ஆக்ஸிமீட்டர் என்ற கருவியில்தான் சரியான அளவு தெரியும். சிகிச்சை இருக்கிறது, நல்ல சிகிச்சை: மெத்திலீன் ப்ளூ, கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், ரத்தக்குழாய் வழியாக. ஆனால் ஜி6பிடி என்ற நொதி குறைபாடு உள்ள குழந்தைக்கு அதே மருந்து ரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். இந்தக் குறைபாடு இந்தியாவில் அபூர்வமானதல்ல. ஆகவே, எந்த க்ரீம், எவ்வளவு, எப்போது தடவினோம் என்பதைக் குடும்பத்தார் முதல் வாக்கியத்திலேயே சொன்னால் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்தது. சொல்லாவிட்டால் இதயத்திலும் நுரையீரலிலும் தேடிக்கொண்டிருப்பார்கள்.

வயதா, எடையா?

அளவுக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். மூன்று மாதம் வரை, அல்லது ஐந்து கிலோ வரை: மொத்தம் 1 கிராம், 10 சதுர சென்டிமீட்டர் பரப்பில், ஒரு மணி நேரம் மட்டும், அதுவும் ஒரு நாளைக்கு ஒரு தடவை. பத்து சதுர சென்டிமீட்டர் என்பது தீப்பெட்டியின் மேற்புறத்தில் பாதியைவிடச் சற்றே கூடுதல். மூன்று மாதத்திலிருந்து ஒரு வயது வரை, ஐந்து கிலோவுக்கு மேல் இருந்தால்: 2 கிராம், 20 சதுர சென்டிமீட்டர். ஒன்று முதல் ஆறு வயது, பத்து கிலோவுக்கு மேல்: 10 கிராம், 100 சதுர சென்டிமீட்டர். ஏழு முதல் பன்னிரண்டு வயது, இருபது கிலோவுக்கு மேல்: 20 கிராம். அமெரிக்கக் கையேடு மூன்று மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அதிகபட்சம் 4 மணி நேரம் என்கிறது. பிரிட்டிஷ் கையேடு ஒரு வயது வரை ஒரு மணி நேரம் போதும் என்கிறது. கைக்குழந்தை விஷயத்தில் நான் பிரிட்டிஷ் பக்கம்தான் நிற்பேன்.

30 கிராம் ட்யூபிலிருந்து பிதுக்கினால் சுமார் மூன்றரை சென்டிமீட்டர் நீளம் ஒரு கிராம். அம்மாவின் சுண்டுவிரலில் பாதிக்குச் சற்று மேல். தாராளமாக ஒரு பிதுக்குப் பிதுக்கி இரண்டு காதுக்கும் பூசுகிறவர்கள் இதைத் தாண்டிவிடுவது சுலபம்.

இந்தக் கணக்கில் நம் ஊருக்கு முக்கியமான விதி ஒன்று ஒளிந்திருக்கிறது. வயது ஒரு வரிசையையும் எடை அதைவிடக் கீழான வரிசையையும் காட்டினால், எடை சொல்வதைத்தான் கேட்க வேண்டும். பதினான்கு மாதக் குழந்தை எட்டரை கிலோதான் இருக்கிறது என்றால் அதற்கு 10 கிராம் கணக்கு செல்லாது, 2 கிராம் கணக்குதான். எடை குறைவாகப் பிறக்கிற, மெலிந்து வளர்கிற பிள்ளைகள் ஏராளமாக உள்ள நாட்டில் "ஒரு வயசு ஆயிடுச்சில்ல" என்று தடவுவது ஆபத்து.

தோல் எப்படி இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். கரப்பான் உள்ள தோலில், சொறிந்து புண்ணான தோலில், மருந்து பல மடங்கு வேகமாக உள்ளே போகும். மொலஸ்கம் என்ற வைரஸ் பருக்கள், நடுவில் சிறு குழியோடு முத்து முத்தாக வருபவை, கரப்பான் உள்ள சிறுவர்களுக்கு உடம்பெங்கும் பரவும். அவற்றைச் சுரண்டி எடுக்குமுன் மார்பு, முதுகு, கை, கால் என்று எல்லா இடத்திலும் க்ரீமைப் பூசி பிளாஸ்டிக்கால் சுற்றிவிட்டு, குழந்தைக்கு வலிப்பு வந்து, நீலம் பாரித்து, தீவிர சிகிச்சைக்குப் போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்பப் பதிவாகியிருக்கின்றன. ஒவ்வொன்றிலும் கதை கிட்டத்தட்ட ஒன்றுதான்: பரப்பு அதிகம், அளவு அதிகம், நேரம் அதிகம், தோலில் ஏற்கெனவே புண். டயப்பர் கட்டும் இடத்தில் தடவினால் அந்த டயப்பரே மூடிபோட்ட மாதிரி வேலை செய்யும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குழந்தைக்கு வேறு என்ன மருந்து போகிறது? ஒரு வயதுக்குட்பட்ட குழந்தை கோட்ரைமாக்சசோல் போன்ற சல்ஃபா மருந்து, டாப்சோன், மலேரியாவுக்கான பிரைமாகுயின், வலிப்புக்கான ஃபீனோபார்பிட்டோன் அல்லது ஃபெனிட்டாயின் எடுத்துக்கொண்டிருந்தால் பிரைலோகெய்ன் உள்ள க்ரீம் கூடவே கூடாது. இவையும் அதே இரும்பை மாற்றக்கூடியவை.

லிக்னோகெய்ன் தாக்கும் வழி வேறு. ரத்தத்தில் அதிகமானால் அது மூளையையும் இதயத்தையும் மரத்துப்போக வைக்கப் பார்க்கும். தூக்கக் கலக்கம் அல்லது காரணமில்லாத அமைதியின்மை, உடல் துடிப்பு, வலிப்பு, பிறகு இதயத்துடிப்பு தாறுமாறாவது. வாயைச் சுற்றிக் கூச்சம் எடுப்பதுதான் பெரியவர்களிடம் முதல் அறிகுறி. கைக்குழந்தை அதை எப்படிச் சொல்லும்? முதல் அறிகுறியே வலிப்பாக இருந்துவிடலாம். வளர்ந்தவர்களையே இந்த மருந்து கொன்றிருக்கிறது. அமெரிக்காவில் 22, 25 வயதுப் பெண்கள் இருவர் லேசர் முறையில் ரோமம் அகற்றுவதற்கு முன் கால்களில் வீரியமான மரப்பு ஜெல்லைப் பூசி பிளாஸ்டிக் தாளால் சுற்றிக்கொண்டார்கள். வலிப்பு வந்து, கோமாவில் விழுந்து இறந்தார்கள். அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 2007-இல் இதைச் சொல்லிப் பொது எச்சரிக்கை விடுத்தது. 4 சதவீதத்துக்கு மேல் லிடோகெய்ன் கலந்த க்ரீம்களை மருத்துவர் சீட்டின்றி விற்ற நிறுவனங்களுக்கு 2024-இலும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்ப வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட க்ரீமை இணையத்தில் வாங்கிக் குழந்தையின் தோலில் வைப்பதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது.

ஈறில் தடவும் ஜெல்

தோலாவது ஒரு தடுப்பு. வாய்க்குள் அதுவும் இல்லை. ஈறிலிருந்து மருந்து நேராக ரத்தத்துக்குப் போகும், எச்சிலோடு வயிற்றுக்கும் போகும். பல் முளைக்கும்போது ஈறு ஊறுகிறது, பிள்ளை இரவெல்லாம் சிணுங்குகிறது என்று வாய்ப்புண் ஜெல்லை விரலில் தொட்டுத் தடவும் வழக்கம் நம்மிடையே சகஜம்.

ஒரு சின்னக் கணக்கு. 2 சதவீத லிக்னோகெய்ன் கரைசலில் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராம் மருந்து. ஒரு தேக்கரண்டி 5 மில்லி. அதில் 100 மில்லிகிராம். இந்த மருந்தை ஊசியாகப் போடும்போதே கிலோவுக்குச் சுமார் 4.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பார்கள். ஏழு கிலோ எடையுள்ள ஆறு மாதக் குழந்தைக்கு அது ஏறத்தாழ 31 மில்லிகிராம். விழுங்கியதில் ஒரு பகுதியைக் கல்லீரல் அழித்துவிடும் என்றாலும், ஒரு தேக்கரண்டியில் இருப்பது அந்த எல்லையைப் போல மூன்று மடங்கு. அழும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவினால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. கூடவே தொண்டையும் மரத்துப்போய், பால் புரையேறும்.

2014-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், ஐந்து மாதம் முதல் மூன்றரை வயது வரையிலான குழந்தைகளுக்கு இந்த லிடோகெய்ன் கரைசலால் நேர்ந்த 22 கடும் பாதிப்புகளை ஆராய்ந்தது. அவற்றில் மரணங்களும் இருந்தன. பல் முளைக்கும் வலிக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று மருந்தின் மீது கட்டம் கட்டி அச்சிட உத்தரவிட்டது. பென்சோகெய்ன் இன்னொரு மரப்பு மருந்து, அதுவும் மெத்தெமோகுளோபினை உண்டாக்கும், ஒருமுறை தடவினாலேகூட. 2009 பிப்ரவரியிலிருந்து 2017 அக்டோபர் வரை பதிவான 119 நிகழ்வுகளை ஆராய்ந்ததில் நான்கு பேர் இறந்திருந்தார்கள், ஒருவர் கைக்குழந்தை. 2018 மே மாதம், இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கான பென்சோகெய்ன் ஈறு ஜெல்களின் விற்பனையை நிறுத்தும்படி நிறுவனங்களிடம் அந்த நிர்வாகம் கேட்டுக்கொண்டது. பிரிட்டன் அதே ஆண்டு லிடோகெய்ன் ஈறு ஜெல்களைப் பல்பொருள் அங்காடிகளிலிருந்து எடுத்து, மருந்தாளுநர் ஆலோசனையோடு மட்டுமே விற்க வேண்டும் என்றது.

நம் மருந்துக்கடைகளில் 20 சதவீத பென்சோகெய்ன் ஜெல் இன்றும் கிடைக்கிறது. ஒரு கிராம் ஜெல்லில் 200 மில்லிகிராம் மருந்து. வேறு சில வாய்ப்புண் ஜெல்களில் லிக்னோகெய்னோடு கோலின் சாலிசிலேட் சேர்ந்திருக்கும். சாலிசிலேட் ஆஸ்பிரினின் உறவு. 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு அத்தகைய ஜெல்களைத் தவிர்க்கும்படி பிரிட்டன் 2009-லேயே சொல்லிவிட்டது. பெரியவர்களின் வாய்ப்புண்ணுக்கு வாங்கி வைத்த ட்யூபைக் குழந்தையின் ஈறுக்கு எடுக்காதீர்கள். சுத்தமான விரலால் ஈறை மெல்லத் தேய்த்துவிடுவதும், குளிர வைத்த ரப்பர் வளையத்தைக் கடிக்கக் கொடுப்பதும் போதும்.

வலி பொய்யல்ல

இவ்வளவையும் படித்துவிட்டு, பிள்ளை அழுதால் அழட்டும் என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. அந்த அலட்சியத்துக்கும் ஒரு கொடிய வரலாறு உண்டு. பச்சிளங்குழந்தைக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என்று நம்பி, போதிய வலிநீக்கம் இல்லாமலே அறுவை சிகிச்சை செய்த காலம் 1980-கள் வரை நீடித்தது. இந்திய வம்சாவளி மருத்துவர் கன்வல்ஜீத் ஆனந்த் ஆக்ஸ்ஃபோர்டில் செய்த ஆய்வு 1987-இல் லான்செட் இதழில் வந்தது. அறுவை சிகிச்சையில் சரியான வலிநீக்கம் பெற்ற குறைமாதக் குழந்தைகளுக்குப் பின்விளைவுகள் குறைவாக இருந்ததை அது காட்டியது. பத்தாண்டுகள் கழித்து, 1997-இல், கனடாவின் அன்னா டேடியோ குழுவினர் இன்னொன்றைக் காட்டினார்கள்: வலிநீக்கம் இல்லாமல் சுன்னத் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள் மாதங்கள் கழித்துப் போட்ட தடுப்பூசிக்கும் மற்றவர்களைவிட அதிகமாகத் துடித்தார்கள். எம்லா க்ரீம் தடவப்பட்டவர்களிடம் அந்தத் துடிப்பு குறைவாக இருந்தது.

எனவே இந்த க்ரீம் ஒரு நல்ல மருந்து. சரியான குழந்தைக்கு, சரியான அளவில், ஒரு செவிலியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில், அது பெரும் உபகாரம். அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டிய புற்றுநோய்க் குழந்தைகளையும் தலசீமியா குழந்தைகளையும் நினைத்துப் பாருங்கள். அவர்களிடமிருந்து இதைப் பறிக்கச் சொல்பவர் யாரும் இருக்க முடியாது.

சாதாரணத் தடுப்பூசிக்கு வேண்டுமா என்பது தனிக் கேள்வி. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் தடுப்பூசி வலியைக் குறைக்கும் வழிகளைச் சொன்னபோது, செலவையும் கூடுதல் நேரத்தையும் கணக்கில்கொண்டு, நாடுதழுவிய திட்டங்களுக்கு இந்த க்ரீமைப் பரிந்துரைக்கவில்லை. ஊசி போடும்போதே தாய்ப்பால் கொடுப்பது, குழந்தையை மடியில் அணைத்துப் பிடிப்பது, ஒன்றுக்கு மேல் ஊசி இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடுவது ஆகியவற்றைச் சொன்னது. காதுகுத்துக்கும் என் கருத்து அதுதான். குத்துவது ஒரு நொடி. அதற்காகக் கைக்குழந்தையின் காதில் ஒரு மணி நேரம் பிளாஸ்டிக் ஒட்டி வைத்தால், அது கையால் தேய்த்துக் கண்ணிலும் வாயிலும் வைத்துக்கொள்ளும். ஒட்டுத்தாளையே பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும். கண்ணில் பட்டால் கருவிழி மரத்து, கீறினாலும் தெரியாது. 2025 பிப்ரவரியில் கர்நாடகத்தின் குண்டுலுப்பேட்டைப் பகுதியில் காது குத்துவதற்காக மரப்பு ஊசி போடப்பட்ட கைக்குழந்தை இறந்ததாகச் செய்தி வந்தது. அது ஊசி, க்ரீம் இல்லை. ஆனாலும் ஒரு நொடி வலிக்காக மருந்தை நாடுமுன் அந்தக் குடும்பத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கட்டாயம் க்ரீம் வேண்டும் என்றால் கிளினிக்கிலேயே, மருத்துவர் கையால் அளந்து தடவட்டும். வீட்டிலிருந்தே பூசிக்கொண்டு பஸ் ஏறாதீர்கள்.

தடவிய பிறகு குழந்தையின் உதடோ நகமோ நிறம் மாறினால், வழக்கத்துக்கு மாறாகத் துவண்டால், மூச்சு வாங்கினால், உடல் துடித்தால், உடனே க்ரீமைத் துடைத்தெடுத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். ட்யூபையும் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். நீலம் சில நிமிடங்களிலும் தெரியலாம், சில மணி நேரம் கழித்தும் தெரியலாம். மருந்தால் நேர்ந்த பாதிப்பை யார் வேண்டுமானாலும் இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். தெரிவிக்கப்படாத பாதிப்பு எந்தக் கணக்கிலும் வராது. கணக்கில் வராததற்கு யாரும் விதி எழுத மாட்டார்கள்.

மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் தமிழ்நாட்டின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் கோரிக்கை இரண்டுதான். மரப்பு க்ரீமின் அட்டைப்பெட்டியில் எடைவாரியான அளவு அட்டவணையைத் தமிழில், கண்ணில் படும் எழுத்தில் அச்சிட வையுங்கள். பென்சோகெய்னும் லிக்னோகெய்னும் உள்ள வாய் ஜெல்களை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு விற்பதை நிறுத்துங்கள். அது நடக்கும்வரை, பெற்றோரே, ட்யூபைத் திறக்குமுன் பிள்ளையின் இன்றைய எடையை மருத்துவரிடம் சொல்லி, எத்தனை கிராம், எவ்வளவு நேரம் என்பதைச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.